ஏழாம் இலக்கத்துக்கு ஓர் அர்ச்சனை

ஜனவரி 12, ஞாயிறு

ஏழாம் இலக்கச் சட்டையை யார் போடுவது என்பது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? தெரியாது. யோசித்துப் பார்த்தேன், உண்மையிலேயே தெரியாது. வயது நாற்பத்தெட்டு. நாள் முழுதும் ஆய்வுகூடத்தில் மற்றவர்களின் இரத்தத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறவள். இரண்டாம் தடவை சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதவள். அப்படிப்பட்டவள் இன்று வெயில் கொளுத்தும் மைதானத்தில் ஒரு வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை முழுவதும் நின்றேன்.

எங்கள் கழகத்தின் பயிற்சியை ரசிகர்கள் வந்து பார்க்கும் நாள். வழக்கம்போல விக்னராஜா அண்ணாவோடு போனேன். தமானிதான் ஏழாம் இடத்தில் ஓடினான். றக்பி லீக்கில் அந்த இடத்துக்காரன்தான் ஹாஃப்பேக்: பந்தைக் கொடுப்பதா, உதைப்பதா, எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்கிறவன். அண்ணாவின் மகன் சுபாங்கன் பார்க்கிற அமெரிக்க ஆட்டத்தில் குவாட்டர்பேக் என்பார்களே, ஏறக்குறைய அந்த வேலை.

தமானி பக்கத்துப் புறநகரான மெரிலேண்ட்ஸில் வளர்ந்த ஃபிஜிப் பையன். பதினெட்டு வயதில் முதல் ஆட்டம் ஆடியதிலிருந்து பார்க்கிறோம். பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் எங்களைப் பார்த்து ஒலிவாங்கியில் சொன்னார்: "ஏழு எலியா தமானியுடையது. அதில் பேச்சே இல்லை."

அண்ணா என் முதுகில் தட்டினார். "கேட்டியோ? இந்த முறை முதல் எட்டு அணிக்குள்ள வாறம்."

ஒவ்வொரு ஜனவரியிலும் அண்ணா எட்டுக்குள் வருகிறார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அண்ணா வீட்டில் சாப்பிட்டேன். அண்ணாவுக்கு இனிப்பு ஆகாது. போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபின் யோகா அண்ணி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்கிறா. அண்ணி குசினிக்குப் போன நேரம் பார்த்து அவர் என் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி எடுத்தார். நான் காணவில்லை.

ஜனவரி 23, வியாழன்

மதியச் சாப்பாட்டின்போது தொலைபேசியில் செய்தி. ஹாலரனை வாங்கியிருக்கிறார்கள். ஹாஃப்பேக். முப்பத்து மூன்று வயது. வலது முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை. சாம்பாறு ஆறிப் போனது.

கழகத்தின் மின்னஞ்சல் 'அன்பான எங்கள் குடும்பத்தினரே' என்று தொடங்குகிறது. குடும்பம் என்று விளிக்கிற மின்னஞ்சல் எதுவும் நல்ல செய்தி கொண்டு வந்ததாக எனக்கு நினைவில்லை.

அண்ணாவுக்கு அழைத்தேன். "உதுக்கேன் பதறுறாய்? ஆருக்கும் அடிபட்டால் கைகாவலுக்கு ஒராள் வேணுந்தானே. தமானியின்ர இடத்தை ஆரும் தொடமாட்டினம்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எனக்குத் தெரியும் பாமா."

அண்ணா இப்படிச் சொன்னால் நான் நம்பிவிடுவேன். அது என்னிடம் உள்ள ஒரே மூடநம்பிக்கை.

பெப்ரவரி 2, ஞாயிறு

ஹாலரனின் போன வருட ஆட்டங்களை இரண்டு நாளாகத் திருப்பிப் பார்த்தேன். நியாயமாக எழுத வேண்டும். உதை அழகு. பந்து எதிரணியின் மூலையில் போய்க் குந்துகிறது. ஆனால் இடதுபக்கம் பாரமான ஆள் ஓடிவந்தால் தோளைக் கொடுக்காமல் கையை நீட்டுகிறார். கடைசி இருபது நிமிடத்தில் நடக்கிறார். ஆம், நடக்கிறார். தமானி அவசரக்காரன், பிழையான இடத்தில் பந்தை எறிவான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எறிந்த பிழையைத் துரத்திக்கொண்டு தானே ஓடுவான். இருபத்து மூன்று வயது அவனுக்கு. ஒரு அணியைக் கட்டுவதென்றால் யாரைச் சுற்றிக் கட்டுவது?

இதையெல்லாம் அண்ணா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அண்ணா முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்தார். சுபாங்கன்தான் சிரித்தான்.

"மாமி, இட்ஸ் எ பிஸ்னஸ். தே டோன்ட் நோ யூ."

"எனக்கு அவையைத் தெரியுமே."

"தட்ஸ் த ப்ரொப்ளம், மாமி."

அண்ணா வழக்கமாக இந்த இடத்தில் என் பக்கம் பேசுவார்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம்.

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

தமானி வந்த காலத்திலிருந்து ஒரு வழக்கம் இருக்கிறது. போட்டிப் பருவம் தொடங்குமுன் வைக்கிற முதல் ட்ரயல் ஆட்டத்துக்குப் போகுமுன் அண்ணாவும் நானும் முருகன் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை செய்விப்போம். தொடங்கியது அண்ணா. நான் கோயிலுக்குப் போகிறவள் அல்ல, சும்மா பக்கத்தில் நிற்பேன். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் வேண்டுமே! அண்ணா போய்த் தமானியின் தாயிடம் கேட்டார். சேரா மைதானத்தில் எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் இருக்கிறவ. உங்கள் மகன் எத்தனை மணிக்குப் பிறந்தான் என்று ஒரு தமிழர், இடைவேளையில், கையில் சிப்ஸோடு கேட்டால் அந்த மனுசி என்ன நினைப்பா? சிரித்துவிட்டு, விடியற்காலை என்றா. கணித்தோம். பூரட்டாதி. ஒவ்வொரு வருடமும் அந்த ட்ரயல் அன்று அண்ணா விபூதிப் பொட்டலத்தைச் சேராவிடம் கொடுப்பார். மெதடிஸ்த சபைக்காரி. ஆனாலும் மறுக்காமல் வாங்கிக் கைப்பைக்குள் வைப்பா. என் பிள்ளைக்கு யார் பிரார்த்தித்தாலும் நல்லது என்பா.

இந்த வருடம் அண்ணா அழைக்கவில்லை. கேட்டதற்கு, வேலை, பிறகு பார்ப்போம் என்றார். சரி, ஒருமுறையாவது நானே செய்வோம் என்று பின்னேரம் வேலை முடிந்து நேரே போனேன். சனம் நிறைந்து வழிந்தது. வரிசையில் நின்றபோது கூச்சமாக இருந்தது. என் முறை வந்ததும் சொன்னேன்: "எலியா, பூரட்டாதி."

ஐயர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அண்ணா காலமை வந்து செய்விச்சிட்டாரே."

"எலியாவுக்கோ?"

"இல்லைப் பிள்ளை, இந்த முறை வேற பேர். ஹால... ஹாலரனோ என்னவோ. வாய்க்குள்ள வருகுதில்லை. பிறந்த நேரம் தெரியாதாம், குத்துமதிப்பாய் உத்தரம் எண்டவர்."

நான் என்ன முகத்தோடு நின்றேன் என்று தெரியவில்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு, "அப்ப எலியாவுக்கும் ஒண்டு செய்வமே?" என்றார்.

ஓம் என்றேன்.

குத்துமதிப்பாய் உத்தரம்! நேரம் தெரியாமல் என்ன கணிப்பு? இதில் போய்க் கோபப்படுகிறேன் பார். கோபம் இதற்கில்லை. கைகாவலுக்குத்தான், ஒருத்தரும் தொடமாட்டினம் என்று எனக்குச் சொன்ன வாய். அதே வாய் விடியக்காலமை போய், எனக்குத் தெரியாமல்... வேலையாம். வேலை!

எலியாவின் விபூதிப் பொட்டலம் என் கைப்பையில் இருக்கிறது.

பெப்ரவரி 15, சனி

முதல் ட்ரயல். முதற்பாதி தமானி, இரண்டாம் பாதி ஹாலரன். தமானி ஒரு பந்தை எதிரணியின் கையில் எறிந்தான். ஹாலரன் உதைத்த இரண்டும் மூலையில் குந்தின. அண்ணா எழுந்து நின்று கைதட்டினார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இடைவேளையில் நடந்ததுதான் மனதை விட்டுப் போகுதில்லை. அண்ணா படியிறங்கி சேராவிடம் போய், வழக்கம்போல, வெள்ளைக் கடதாசிப் பொட்டலத்தைக் கொடுத்தார். ஹாலரன் பேரில் செய்த அந்தத் திருநீற்றை. சேரா இரண்டு கையாலும் வாங்கினா. அண்ணாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னா. அண்ணா தலையாட்டினார். திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்துகொண்டு சிப்ஸுக்கு வினிகர் விட்டார்.

காரில் ஏறியபின்தான் கேட்டேன்.

"அது ஆற்ற பேரிலை செய்தது?"

அவர் உடனே விளங்கிக்கொண்டார். ஸ்ரியரிங்கைப் பார்த்தபடி, "ஐயர் சொன்னவரோ?" என்றார். பிறகு, "திருநீறு திருநீறுதான். ஆற்ற பேரிலை செய்தாலென்ன? முருகனுக்குத் தெரியாதோ?"

"அந்தத் தாய்க்குத் தெரியாதே அண்ணா."

"நான் பொய் சொல்லேல்லை. அவ கேக்கேல்லை."

"எனக்கும் சொல்லேல்லை."

"உனக்குச் சொன்னா நீ இப்பிடி மூஞ்சையை நீட்டுவாய் எண்டுதான். பாமா, முப்பது வருசமாய்ப் பாத்துப் பாத்து வயிறெரியுறன். நெஞ்சுக்குள்ள கம்பி வைச்சிருக்கிறன். ஒருக்கா, ஒரே ஒருக்கா இவங்கள் கிண்ணத்தைத் தூக்கிறதைப் பாக்கோணும். தமானி தலையெடுக்கும்வரை ஆர் காத்திருக்கிறது? நீ காத்திரு. உனக்கு நேரம் கிடக்கு."

டூங்கபியில் என் வாசலில் இறக்கிவிட்டார். "போட்டு வாறன்" என்றார். நான் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாக.

பெப்ரவரி 16, ஞாயிறு

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

பெப்ரவரி 22, சனி

இரண்டாம் ட்ரயல். போகவில்லை, தொலைக்காட்சியில் பார்த்தேன். ஹாலரன் தொடக்கத்திலிருந்து ஆடினார். தமானி மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் துவாயைப் போர்த்துக்கொண்டு இருந்தான். கமராக்காரன் இரண்டு முறை அவன் முகத்தைக் காட்டினான். நான் மூன்றாம் முறைக்குக் காத்திராமல் நிறுத்திவிட்டேன்.

அண்ணாவிடமிருந்து நான்கு அழைப்பு. எடுக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பருவத்தின் முதற்போட்டி, அதற்கு அணி அறிவித்தார்கள். 7: ஹாலரன். தமானியின் பெயரைப் பதினேழு பேருக்குள்ளும் தேடினேன், இல்லை. சனிக்கிழமை இரண்டாந்தர அணிக்கு ஆடுகிறானாம். 'நீண்டகாலத் திட்டத்தின் ஓர் அங்கம்' என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். ஜனவரியில் 'பேச்சே இல்லை' என்றாரே, அந்தப் பேச்சுக்கு என்ன நடந்தது? ஒரு பத்திரிகையாளரும் கேட்கவில்லை.

ஆய்வுகூடத்தில் யாரேனும் இப்படிச் செய்தால் வேலை போய்விடும். அதே குருதி, அதே கருவி, மாதத்துக்கொரு முடிவு.

மார்ச் 5, புதன்

யோகா அண்ணி அழைத்தா. "உங்கட அண்ணன் சாப்பிடுறாரில்லை. ஒரு பந்துக்காக ரெண்டுபேரும் கதையாமல் இருக்கிறியளாம், வெளியில சொல்ல வெக்கமாய்க் கிடக்கு. வெள்ளிக்கிழமை போய்ப் பக்கத்தில இருங்கோ. கத்தினார் எண்டால் நெஞ்சுக்கு ஆகாது, பாத்துக்கொள்ளுங்கோ."

பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

போகவில்லை. என் கதிரை வெறுமையாக இருந்திருக்கும். தொலைக்காட்சியில் எங்கள் பக்கத்தைக் காட்டினார்களோ என்று பார்த்தேன், காட்டவில்லை.

வென்றோம். பதினெட்டுப் புள்ளி வித்தியாசம். ஹாலரன் கடைசிவரை நடக்கவில்லை, ஓடினார். என் கணிப்புப் பிழை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன். வென்றபோது எனக்குச் சந்தோசம் வந்தது. வந்ததும் அவமானமாக இருந்தது.

அண்ணாவின் குறுஞ்செய்தி: 'வெண்டிட்டம். நீ இல்லாமல் நல்லாயில்லை.'

பதில் போடவில்லை. நாளை இரண்டாந்தர ஆட்டத்துக்குப் போய், சேராவிடம் சரியான பொட்டலத்தைக் கொடுத்து, நடந்ததை அப்படியே சொல்லிவிடப் போகிறேன். அண்ணா கொடுத்தது உங்கள் மகனுக்கு உரியதல்ல என்று. அதற்குப் பிறகு மைதானத்தில் அண்ணாவின் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. கதிரையை மாற்றித் தரும்படி கழகத்துக்கு எழுதுவேன். முடிவு.

மார்ச் 8, சனி

நடந்தது இது.

சின்ன மைதானம். புல்மேட்டில் சேரா பாய் விரித்து இருந்தா. நான் தனியே வந்ததைப் பார்த்து, அண்ணாவுக்குச் சுகமில்லையா என்று கேட்டா. இல்லை, சுகம் என்றேன். பொட்டலத்தை நீட்டினேன். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் மூன்று முறை மனதுக்குள் ஒழுங்கு செய்து வைத்திருந்தேன். வாயைத் திறக்குமுன் அவ என் கையைப் பிடித்தா.

"உங்களிடம் மறைப்பது பாவம்" என்றா. எலியா டிசம்பரிலேயே கையெழுத்து வைத்துவிட்டானாம். அடுத்த வருடத்திலிருந்து நகரின் மறுபக்கத்து அணிக்கு. அண்ணாவும் நானும் இத்தனை வருடமும் ஒருமனதாக வெறுக்கிற அந்த ஒரே அணிக்கு. கழகத்துக்கு ஜனவரி நடுப்பகுதியில் தெரியவந்ததாம். அதுதான் ஹாலரன், அதுதான் மாற்று ஆட்டக்காரர் வாங்கு, அதுதான் இந்தப் புல்மேடு. திங்கட்கிழமைதான் அறிவிப்பார்கள், அதுவரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றா.

"உங்கள் அண்ணா அன்றைக்குத் திருநீறு தந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வாங்கியிருக்கக் கூடாது. எங்கள் பையன் இனி உங்கள் பையன் இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது." கைப்பையைத் திறந்து அண்ணா கொடுத்த பொட்டலத்தை எடுத்தா. பிரிக்கவேயில்லை. "இதை அவரிடமே கொடுத்துவிடுங்கள். புதிய ஆளின் முழங்காலுக்கு ஆகட்டும்."

நான் சொல்ல வந்தது எதையும் சொல்லவில்லை. என் பொட்டலத்தை மட்டும் அவ வைத்துக்கொண்டா. ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தேன். தமானி நன்றாக ஆடினான். ஒரு பிழையான பந்தை எறிந்துவிட்டுத் தானே துரத்திப் பிடித்தான். நான் கைதட்டவில்லை. பிறகு தட்டினேன்.

திரும்பும்போது அண்ணா வீட்டுக்குக் காரை விட்டேன். கதவைத் திறந்தவர் நேற்றைய வெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வந்திட்டியோ? தேத்தண்ணி குடிக்கிறியோ?"

"ஓம்."

பொட்டலத்தை மேசையில் வைத்தேன். பார்த்தார். அவருக்கு முகம் கறுத்தது. "அவவுக்குச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை. ஹாலரனுக்கு எண்டு தந்துவிட்டவ."

அவருக்கு விளங்கவில்லை. அதை எடுத்துச் சாமித்தட்டில் வைத்துவிட்டு வந்து எதிர்க் கதிரையில் இருந்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: "தமானி எப்பிடி விளையாடினவன்? பாவம் பொடியன். அடுத்த வருசம் ஏழு அவனுக்குத்தான், பார் நீ."

திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

"நல்லா விளையாடினவன்" என்றேன். தேநீரைக் குடித்தேன்.