ஹால் ஜன்னலுக்குத் துணி

ஜூன் 4

கண்ணாடிக் கடை முதலாளி அவர்களுக்கு,

நானும் வாலுவும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். கடைக்கு மேலேயே அறை, இறங்கினால் வேலை, ஏன் லேட்டு என்று கேட்க ஆளில்லை. எதற்குக் கடிதம் என்று யோசிக்கிறீர்களா? போனில் நான் என்ன சொன்னாலும் 'ம்' என்கிறீர்கள். அந்த 'ம்'மைக் கேட்டால் கோபம் வருகிறது. கோபத்தில் நான் பேசுவது எனக்கே பிடிக்கவில்லை. கடிதம் என்றால் 'ம்' போட்டுத் தப்பிக்க முடியாது பாருங்கள்.

இன்றுதான் பயணப் பெட்டியை முழுவதும் காலி செய்தேன். திரும்பி வந்த அன்றே நீங்கள் உங்கள் சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மிச்சமெல்லாம் அப்படியே கிடந்தது. வாலுவின் புதுச் செருப்பு, எனக்கு வாங்கிய கைப்பை, பாதி தின்ற மிட்டாய்ப் பொட்டலம். எல்லாவற்றுக்கும் அடியில் மடிப்புக் கலையாமல் அந்த ஜன்னல் துணி.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நம்மைப் போல இரண்டு அசடுகள் எங்காவது உண்டா? பிரிவது என்று பேசி முடித்தாயிற்று. டிக்கெட் போட்டது போட்டதுதான், குழந்தை ஏமாந்துபோவாள் என்று மூன்று பேருமாக விடுமுறைக்குப் போனோம். போன ஊரில், எந்த வீட்டைக் காலி செய்யப்போகிறோமோ அந்த வீட்டு ஹால் ஜன்னலுக்குத் துணி வாங்கியிருக்கிறோம். நீங்கள் கையால் முழம் போட்டு அளந்தீர்கள். "மடிப்புக்கு இன்னும் ரெண்டு முழம் சேத்துக்கோங்க" என்று நானும் சொன்னேன். பழக்கதோஷம். இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

இதை என்ன செய்ய? பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் பார்த்திருக்கும் வீட்டில் ஜன்னல் இதில் பாதி. வெட்ட மனசு வரவில்லை. வேண்டுமானால் உங்களுக்கு அனுப்புகிறேன்.

வக்கீல் அனுப்பிய காகிதம் வந்திருக்கும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்களும் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்


ஜூன் 12

டீச்சர் அம்மாவுக்கு,

கண்ணாடி மாட்டிக்கொண்டு எழுதினாயா, இல்லை வழக்கம்போலக் காகிதத்தை எட்டப் பிடித்துக்கொண்டா? வரிகள் மேலே ஏறிப் போகின்றன. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டேன், பெண்டாட்டிக்கு மட்டும் போட முடியவில்லை.

துணியை வெட்டாதே. எனக்கும் அனுப்பாதே. இந்த அறையில் ஜன்னலே கிடையாது, ஒரு பொந்துதான் இருக்கிறது.

நீ பெட்டியைப் பிரித்ததாக எழுதியதைப் படித்ததும் எனக்குத் துணி வாங்கிய அந்த நாள் முழுக்க ஞாபகம் வந்துவிட்டது. காலையில் கடைத்தெருவில் நீ கைப்பைக்குப் பேரம் பேசினாயே. கடைக்காரன் அவன் பாஷையில் பேசுகிறான், நீ சுத்தத் தமிழில் "இதெல்லாம் அநியாயம்ப்பா, பிள்ளை படிக்கிற வீடு எங்களோடது" என்கிறாய். அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன், எனக்கும் அதே கதிதான் என்று கையை விரித்தேன். சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்தான். என் மேல் பரிதாபப்பட்டுக் குறைத்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மத்தியானம் அந்தச் சந்துக்குள் இருந்த சாப்பாட்டுக் கடை. நம் வீட்டுச் சட்டம் தெரியுமே, ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், பாதி சாப்பிட்டதும் தட்டு இடது பக்கம் நகர வேண்டும். மெனு அட்டையில் ஒரு எழுத்து புரியவில்லை. மூன்று பேரும் மூன்று வரியில் விரல் வைத்தோம். வந்தது மூன்று கிண்ணம், மூன்றிலும் ஒரே சூப். அப்போதும் வாலு விட்டாளா? "சட்டம்னா சட்டம்தான்" என்று பாதியில் கிண்ணத்தை நகர்த்தினாள். நீ ருசி பார்த்துவிட்டு "உங்களோடதுல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாய். பரிமாறிய அம்மாள் நமக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்துப் பதறிப்போய் உள்ளே போனார், மீன் வறுவல் ஒரு தட்டு சும்மாவே கொண்டுவந்து வைத்தார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. நீதான் தலையில் தட்டினாய்.

இப்போது தினமும் ஒரே தட்டுதான். நகர்த்த ஆளில்லாமல் முழுவதையும் நானே சாப்பிடுகிறேன். நன்றாகவே இல்லை.

காகிதம் வந்தது. கடை மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பேனா கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

அன்புடன்,
கண்ணாடிக்காரன்


ஜூன் 19

பேனா கிடைக்காத கடைக்காரருக்கு,

சூப்புக் கதையை வாலுவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்பாவுக்கு இவ்ளோ பேச வருமாம்மா?" என்று கேட்டாள். 

நானும் அதைத்தான் கேட்கிறேன். இவ்வளவு பேச்சை எங்கே வைத்திருந்தீர்கள்? கடைக்கு வருகிறவர்களிடம் வாய் ஓயாது என்று ஊரே சொல்கிறது. வீட்டுக்கு வந்தால் டிவி. சாப்பாடு எப்படி என்றால் 'ம்'. வாலுவை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்றால் "உன் இஷ்டம்". என் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று நான் தவித்தபோதும் "உன் இஷ்டம்". உங்களை நல்ல மனுஷன், எதிலும் தலையிடமாட்டார் என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்குத்தான் தெரியும், நான் எவ்வளவு தனியாக இருந்தேன் என்று.

அந்த ஊரில் எங்களை விட்டால் உங்களுக்குப் பேச ஆளில்லை. அதனால் பேசினீர்கள். செருப்புக் கடையில் வாலுவின் காலைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு நீங்கள் சொன்ன கதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் ஒரு சட்டையைப் போட்டுப் பார்க்கிறேன் என்று உள்ளே போனேனே, ஞாபகம் இருக்கிறதா? சட்டையைப் போட்டுப் பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று அழுதேன். இப்படி ஒரு ஆளோடு வாழத்தானே ஆசைப்பட்டேன், இவர் இவ்வளவு வருஷம் எங்கே இருந்தார் என்று.

வெளியே வந்ததும் "அளவு சரியில்லையா?" என்றீர்கள். ஆமாம் என்றேன்.

அந்த ஒரு நாளைக் காட்டி என்னைக் கரைக்கப் பார்க்காதீர்கள். எனக்கும் அது பிடித்த நாள்தான். அதனால்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
டீச்சர்


ஜூன் 27

டீச்சருக்கு,

நீ எழுதியதற்கு மறுப்புச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கிண்டலும் இன்றைக்கு வரவில்லை. நேரே சொல்லிவிடுகிறேன். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். உன்னோடும் வாலுவோடும் இருக்க வேண்டும். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் காகிதம் தெரிகிறது, பட்டென்று மூடிவிடுகிறேன். வந்தவர்களுக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்குகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜன்னல் துணி வாங்கியதைப் பழக்கதோஷம் என்று எழுதியிருந்தாய். எனக்கு மறக்கவில்லை. முழம் போட ஆரம்பித்தபோது பழக்கம்தான். மூன்றாவது முழத்தில் சுரீர் என்று ஞாபகம் வந்தது. எந்த வீட்டுக்கு அளக்கிறோம் என்று. வாயைத் திறந்தால் நீ துணியைத் திருப்பி வைத்துவிடுவாய், 'ஐயோ, மறந்தே போச்சு' என்று சொல்லிவிடுவாய். அதைக் கேட்கப் பயமாக இருந்தது. அதனால் பேசாமல் அளந்து முடித்தேன். நீ இரண்டு முழம் கூடக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இவளுக்கும் மனசுக்குள் வீடு இருக்கிறது, கலையவில்லை என்று நினைத்துக்கொண்டேன். 

நீ சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். துணியை நானே மாட்டுகிறேன். வீட்டுக்காரரிடம் நானே பேசி, காலி செய்யவில்லை என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை உன் இஷ்டம் என்று சொல்லமாட்டேன். என் இஷ்டம் இதுதான்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் கண்ணாடிக்காரன்


ஜூலை 5

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாலுவுக்குப் படித்துக் காட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன், வகுப்பில்லாத நேரத்தில் படித்தேன், மறுபடியும் படித்தேன். பக்கத்து நாற்காலி சயின்ஸ் டீச்சர் "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்கிற அளவுக்கு முகம் போயிருக்கிறது.

முதல் கடிதத்தில் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை என்று எழுதினேன். உங்களைச் சீண்டிப் பார்க்கத்தான் எழுதினேன். எனக்கும் ஞாபகம் வந்தது. உங்களுக்கு முன்னாலேயே வந்தது. இரண்டு முழம் கூடக் கேட்டது மடிப்புக்காக இல்லை. அதைக் கேட்டாலாவது திரும்பிப் பார்த்து, 'இது எந்த வீட்டுக்கு?' என்று கேட்பீர்கள் என்று. கேட்டிருந்தால் 'நம்ம வீட்டுக்கு' என்று சொல்லியிருப்பேன். கத்திச் சொல்லியிருந்தாலும் அந்தக் கடையில் யாருக்கும் புரிந்திருக்காது, நமக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். கடைக்காரர் வெட்டும்வரை நின்றேன். மடித்துக் கட்டும்வரை நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்து, "பெரிய பை கேக்கட்டுமா?" என்றீர்கள்.

அந்த இடத்தில்தான் நான் உண்மையாகவே முடிவு செய்தேன். அதுவரை முடிவு என்றது எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

உங்களுக்கு என் மேல் பிரியம் இருப்பது எனக்குத் தெரியும். இப்போது நன்றாகவே தெரிகிறது. ஆனால் அதை நீங்கள் எப்போது சொல்வீர்கள் என்று பக்கத்தில் நின்று காத்திருக்க இனி எனக்குத் தெம்பில்லை. நீங்கள் வருவீர்கள், கொஞ்ச நாள் பேசுவீர்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் 'ம்' என்பீர்கள். நான் மறுபடியும் நிற்க ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

வாலு ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களிடம் வருவாள். அவளிடம் பேசுங்கள். கடையில் வருகிறவர்களைப் பற்றியெல்லாம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். வெயிலில் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள், உங்களுக்கு ஆகாது. தலைவலி மாத்திரையை அதிகம் போடாதீர்கள்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். கூடவே ஒன்றும் எழுத வேண்டாம், ஒரு வரிகூட வேண்டாம். எழுதினால், 'வந்துவிடுங்கள்' என்று நான் சொல்லிவிடுவேன்.

வாலுவின் அம்மா