ஒரு கட்டம் மட்டும் காலி

என் சிட்டுக்குட்டிக்கு, அம்மா எழுதுவது.

நலம், உன் நலம் அறிய ஆவல் என்றுதான் கடிதம் தொடங்க எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதை எழுதப் போய்க் கை நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பிழை இருந்தால் உன் காலேஜ் பிள்ளைகளுக்குச் சுழிப்பது போல எனக்கும் சிவப்பில் சுழித்துவிடு.

"தலை வலிக்குதும்மா, கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்" என்றாய். டீயோடு வந்து எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்னும் பிடிபடவில்லை. அந்த டீயைக் கொட்டினேனா, குடித்தேனா, அதுவும் நினைவில் இல்லை.

உன்னை அனுப்பிவிட்டு வந்து வீடு கழுவிய ஈரம்கூடக் காயவில்லை, உன் துறைத் தலைவர் போன் செய்தார். கடிகாரம், கடிகாரம் என்று கேலி செய்வாயே, அவர்தான். துக்கம் விசாரித்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, தப்பா நினைக்காதீங்க, வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் பூட்டிடும்" என்றார். காலேஜ் கேட்டைச் சொல்கிறார், உன் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லையாம். வாத்தியார்கள் கடைசி மார்க்கை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடிக்க வேண்டிய கெடுவாம். தாண்டினால் அது தானாகவே மூடிக்கொள்ளுமாம். என் பிள்ளை போய்விட்டாளே, அதற்குக்கூடக் கெடு தள்ளிப் போகாதா என்று கேட்டேன். "நானும் கெஞ்சிப் பார்த்துட்டேம்மா. அது மிஷினு" என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவரும் உன் பக்கத்து மேசைக்காரியும் வந்தார்கள். மார்க் போடச் சொன்னால் மழையாய்ப் பொழிகிறாள் என்று சொல்வாயே, அவள். வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மார்க் ஏற்றும் அந்தப் பக்கம் உன் பெயரில்தான் திறக்குமாம். உன் போனுக்கு ஓர் எண் வந்தது. நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். திறந்ததும் உன் போட்டோ வந்தது, சிட்டு. பல் தெரியச் சிரித்துக்கொண்டு இருந்தாய். நான் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லார் மார்க்கையும் நீ முன்பே போட்டு வைத்திருந்தாய். ஒரு பெண்ணின் கட்டம் மட்டும் காலி. அது நிரம்பாமல் மொத்த வகுப்பின் மார்க்கும் போகாதாம். கட்டுரையே தராதவள் என்றால் பூஜ்யம் போட்டுவிடலாம் என்றார் தலைவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் நீ போனில் யாரிடமோ, "அப்பாவ ஆஸ்பத்திரியில வச்சிட்டு எப்படி எழுதுவ? வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கே கொண்டு வா. நான் எங்க போயிடப் போறேன்?" என்று சொன்னாயே! அதை அவரிடம் சொன்னேன். "எழுத்துல ஒண்ணும் இல்லையேம்மா" என்று நெற்றியைத் தேய்த்தார்.

சொல்லி வாய் மூடவில்லை, காலிங் பெல் அடித்தது. காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண். "மேடம் இருக்காங்களா?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவளுக்கு விஷயமே தெரியவில்லை. உள்ளே கை காட்டினேன். சுவரில் உன் படத்தையும் மாலையையும் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது, சொல்.

பாஸானால்தான் அவளுக்கு வேலையாம். தகப்பன் இனி எழுந்து சம்பாதிக்கும் நிலையில் இல்லை. தலைவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே ஆபீசுக்குப் போன் பேசினார். கடைசியில், பக்கத்து மேசைக்காரி திருத்தலாம் என்றும், தான் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார். கடிகாரத்துக்கு உள்ளே மனுசன் இருக்கிறான், சிட்டு. இனிமேல் அவரைக் கேலி செய்யாதே.

பக்கத்து மேசைக்காரி நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரி விடாமல் படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுபத்தெட்டு என்று போட்டாள். உடனே அழித்தாள். "இது என் மார்க்கு. இது அவ வகுப்பு, அவ போடுற மாதிரி இருக்கணும்" என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தாள். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு என்னடி தெரியும்? பிள்ளைகள் உன்னைக் கஞ்சப்பிசினாறி என்று சொல்வார்களாம், நீயே சிரித்துக்கொண்டு சொல்வாய். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். "அவ கைய இறுக்கித்தான் போடுவா. கொஞ்சம் குறைச்சுக்கோ தாயி" என்று சொல்லிவிட்டேன். அறுபத்தாறு ஆக்கினாள். அந்தப் பெண் அழுகையோடு, "மேடம் போட்ட மாதிரியே இருக்கு" என்றாள்.

தலைவர் கடைசிப் பொத்தானை அமுக்கியதும் உன் போன் சிணுங்கியது. உன் பெயரைப் போட்டு, மதிப்பெண்கள் வந்து சேர்ந்தன, நன்றி என்று இருந்தது. செத்துப்போன என் பிள்ளைக்கு நன்றி. கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. உனக்கு வந்ததை உன்னிடம் காட்ட உன் அறைக்குக்கூடப் போனேன், பைத்தியக்காரி.

எல்லாரும் போய்விட்டார்கள். அந்தப் பெண் கட்டுரையைக் கொண்டுபோக மாட்டேன் என்று உன் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எழுத்துக் கூட்டி அரைப் பக்கம் படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக எழுதியிருக்கிறாள். தகப்பன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருப்பாள் போல.

உன் பெயர் கெடக் கூடாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லி, ஊரான் வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பறித்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன். எங்கே இருந்தாலும் தலைவலி இல்லாமல் இரு, கண்ணே. உன்னைப் பெற்றவள் கேட்கிறேன்: நீ படித்திருந்தால் அவளுக்கு என்ன போட்டிருப்பாய்?