குதிரைவாலி என்று நினைத்தது

செப். 14, ஞாயிறு. காலையிலேயே வெயில்.

மகள் கயல் பூப்பாத்தியில் நட்டிருந்த ஏழு புல் தூரையும் களை என்று பிடுங்கிவிட்டேன்.

என் நெல் மண்டிக்கு லீவு. கை சும்மா இருக்கவில்லை. செவ்வந்தி நாற்றுகளுக்கு நடுவே புல், அடித்தண்டு சிவப்பு. வயலில் அடி சிவந்திருந்தால் குதிரைவாலி. விட்டால் நெல்லை அமுக்கிவிடும். சின்ன வயதில் அம்மாவோடு கூலிக்குக் களை பறித்த கை. யோசிக்காமல் இழுத்து வேலிக்கு வெளியே போட்டேன்.

மகள் வந்து பார்த்தாள். "அது களை இல்லப்பா. அழகுக்கு வைக்கிற புல்லு. சென்னையிலேர்ந்து நான் கொண்டுவந்தது." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. புருஷன் வீட்டை விட்டு வந்து நாற்பது நாள். கூட வந்தது இரண்டு பையும் அந்தப் புல் தொட்டிகளும்தான். இங்கே அவளாகச் செய்த ஒரே காரியம் அந்தப் பாத்தி.

மாலை: தேடியதில் ஐந்து கிடைத்தது. மீதி ஆட்டு வாயில். நெல் நாற்றுக்குச் செய்வதுபோல் நுனி கிள்ளி, வேரைத் தண்ணீரில் வைத்தேன்.

செப். 15, திங்கள். புழுக்கம்.

குறுவை நெல் வரத்து. ஈரப்பதம் பற்றி வழக்கமான சண்டை. சாக்கு வாங்கவேண்டும், சர்க்கரை மாத்திரையும்.

சென்னையிலிருந்து சம்பந்தி போன், கயலைத் திருப்பி அனுப்புவது பற்றி. "புதன்கிழமை வாங்க, பேசி முடிச்சிடுவோம்." சரி என்றேன். மனைவி பாக்கியத்திடம் மட்டும் சொன்னேன்.

செப். 16, செவ்வாய். மேகம், மழை இல்லை.

புல்லைத் திரும்ப நட்டோம். கயல் சொன்னது: வேர் ஓடும், தழை சாய்ந்து சின்னச் செடிக்கு வெளிச்சம் மறைக்கும். பழைய பெயின்ட் வாளி ஐந்துக்கு அடி அறுத்தேன். மண்ணில் புதைத்து, உள்ளே புல். செவ்வந்தியிலிருந்து ஒரு முழம் தள்ளி. தழையை வாழை நாரால் கட்டினேன்.

"இறுக்காதீங்கப்பா."

வாசல் பெருக்க வந்த சந்திரா: "ஊரே புல்லப் புடுங்க ஆளு தேடுது. நீங்க நடுறீங்களா மொதலாளி?" கயல் சிரித்துவிட்டாள். சந்திராவுக்கு இன்னொரு காபி கொடுக்கச் சொன்னேன்.

சந்திரா போனபின், கயல் தலை நிமிராமல்:

"நாளைக்கு சென்னை போறீங்களாமே. அம்மா சொன்னாங்க."

"ஒன் நல்லதுக்குத்தாம்மா."

"புல்லையும் நல்லதுக்குத்தான் புடுங்குனீங்க."

மண்ணை மிதித்துக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே மிதித்த இடத்தையே.

செப். 17, புதன். தூறல்.

போகவில்லை. சம்பந்திக்குக் கோபம். "பொண்ணு பேச்சக் கேட்டா ஆடுறீங்க?" ஆமாம் என்றேன். போனை வைத்தேன். பாக்கியம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செப். 24, புதன். நேற்று நல்ல மழை.

மூன்று தூரில் குருத்து. இரண்டு பட்டுப்போய்விட்டது, கயலே பிடுங்கினாள். நான் கை வைக்கவில்லை.

பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து பேசி முடிவானது: புல் வாளிக்குள்ளேயே இருக்கும். செவ்வந்தி பூக்கும்வரை தழையைக் கட்டுவது நான், அறுப்பது அவள். சென்னைக்குத் திரும்புவதா வேண்டாமா என்பதைத் தைக்குள் அவளே சொல்வாள். வேண்டாம் என்றாலும் சரி. அதுவரை நான் கேட்பதில்லை. அவளுக்காக யாரிடமும் சரி சொல்வதில்லை.