திரும்பாத வள்ளமெல்லாம்

டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த தாளை இன்று தூசி தட்ட எடுத்தேன். ஊதா மையில் உன் கையெழுத்து. ‘அ என்பது ஆ-வின் உட்கணம் எனில், ஆ என்பது அ-வின் உட்கணமா? மெய்ப்பிக்க அல்லது மறுக்க.’ எழுபது வயதைத் தாண்டியும் அதைப் பார்த்ததும் தரையில் விரலால் வட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஒரு கோடை. கணங்கள் என்று புதுக் கணக்கு வருகிறதாம், டீச்சர்கள் முதலில் படித்துக்கொள்ளுங்கள் என்று நம்மை இராமநாதபுரத்தில் இரண்டு வாரம் உட்காரவைத்தார்கள். நீ ஆர்.எஸ்.மங்கலத்துக்காரி, கண்மாயைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காதவள். நான் தீவுக்காரி, தங்கச்சிமடத்து மீன்பிடிக் குடும்பம். ஒரு கணத்தில் உள்ளதெல்லாம் இன்னொன்றிலும் இருந்தால் முதலாவது அதன் உட்கணம்; அதுவரை புரிந்தது. ஒவ்வொரு கணமும் தனக்கே உட்கணம் என்றதும் நான் திருதிருவென விழித்தேன். “ஒரு வள்ளத்துல உள்ளவங்க எல்லாரும் அந்த வள்ளத்துல உள்ளவங்கதானே, இதுல என்னடி குழப்பம்?” என்று என் கடலை வைத்தே எனக்குப் புரியவைத்தாய்.

மறுநாள் மதியம் ரயிலில் வந்த எங்களூர்க்காரர் ஒருவர் பயிற்சிக் கூடத்து வாசலில் நின்றார். “காத்து முறுக்கிருச்சு தாயி. திரும்பாத வள்ளமெல்லாம் தென்கடலுக்குப் போனதுதான்.”

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதத்தில் எங்கள் ஆட்கள் தீவின் வடபக்கத்துக் கடலில்தான் தொழில் பார்ப்பார்கள். துணிந்த சிலர் மட்டும் தென்கடலுக்குப் போவார்கள். என்னைப் பெற்ற அய்யா துணிந்தவர்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். “ஏ புள்ள, திரும்பாததெல்லாம் தென்கடல் போனதுன்னுதான் சொன்னாரு. தென்கடல் போனதெல்லாம் திரும்பலைன்னா சொன்னாரு? நேத்துப் போட்ட கணக்கு மறந்துபோச்சா?”

“எந்தக் கணமும் தனக்கே உட்கணம்னும் நேத்துதானே படிச்சோம். போனதும் திரும்பாததும் ரெண்டும் ஒண்ணா இருந்தா?” என்றேன். நீ என் பையை எடுத்து என் கையில் திணித்தாய். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

என்னோடு ரயிலேறினாய். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது கண்ணை இறுக மூடி என் கையைப் பிடித்துக்கொண்டாய். யாருக்கு யார் ஆறுதல் என்றே தெரியவில்லை.

தென்கரையில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். எங்கள் கரையில் யாரும் ‘வரல’ என்று சொல்லமாட்டார்கள்; கேட்டால் ‘வந்துக்கிட்டு இருக்கு’ என்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. அப்போது கடலில் ஒரு வள்ளத்தின் பாய் தெரிந்தது. கரை சேர்ந்தது பக்கத்து வீட்டு அண்ணனின் வள்ளம். நீ குதித்தாய். “பாத்தியா! இதுவும் தென்கடல் போனதுதானே? போனதெல்லாம் போச்சுங்கிறது பொய்யாயிருச்சு. மறுக்க ஒண்ணு போதும்டி!”

வந்தது என் அய்யா இல்லை. “ஒனக்குக் கணக்குதான பெருசு? எங்கய்யா வந்தா என்ன, வராட்டி என்ன? இங்கன நிக்காத, போயிரு!” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். நீ போகவில்லை. பத்தடி தள்ளி, பயிற்சிக்கென்று எடுத்த புதுச்சேலையோடு ஈரமணலில் உட்கார்ந்தாய். அலை வரும்போதெல்லாம் பயந்து காலை இழுத்துக்கொண்டாய்.

மறுநாள் மத்தியானம் அய்யா வந்து சேர்ந்தார். ஏர்வாடிப் பக்கம் கரையேறியிருந்தார். அந்த அழுகையிலும் சிரிப்பிலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மறந்தேன். பிறகு வெட்கம். கல்யாணம், மாற்றல், பிள்ளைகள் என்று காலம் ஓடியது. உனக்கு எத்தனையோ கடிதம் எழுதினேன், அதை மட்டும் எழுதவில்லை.

அன்று பிடித்த பயம் என்னை விடவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா போனால் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் பஸ்ஸை எடுக்கவிடுவேன். எல்லாரும் ஏறியாச்சு என்று யார் சொன்னாலும் நம்பமாட்டேன்.

போன மாதம் உன் மகன் போன் செய்தான். இரண்டு பஸ் மாறி உன் வாசலுக்கு வந்தபோது பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “மன்னிச்சுக்கங்க பெரியம்மா, வரவேண்டியவுக எல்லாரும் வந்தாச்சுன்னாங்க. எடுத்துட்டோம்.”

அவன்மேல் தப்பில்லை. ஐம்பது வருஷமாக உன்னிடம் சொல்லாததை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, நான் இன்னும் பஸ்ஸில் இருந்தேன்.