முப்பதாவது பெயர்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம் என்று எழுதினால் நம்பிவிடுவீர்கள். அதனால் எழுதவில்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? குனிந்து பாரம் தூக்காதீர்கள் என்றால் கேட்கிற ஆளா நீங்கள்?

பள்ளிக்கூடத்து நிலவரம் கேட்டிருந்தீர்கள். நான் எழுத்தராகச் சேர்ந்தபோது நானூறு பிள்ளைகள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகள் வந்து ஊர் பெருத்தது, பள்ளிதான் இளைத்தது. காலையில் தனியார் பள்ளி வேன்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போகின்றன. முப்பது பேருக்குக் கீழே போனால் மூடிவிடுவோம் என்று கல்வி அலுவலகம் எழுதியது. பள்ளி திறந்த அன்று எண்ணினால் இருபத்தொன்பது.

தலைமையாசிரியை என்னிடம் வந்து, "எப்படியாவது ஒரு பேரு பாரும்மா" என்றார். கணினியில் ஏற்றப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். எந்தப் பள்ளியும் கேட்காத சான்றிதழ் ஒன்று நம் வீட்டு அலமாரியில் இருந்தது. கோபப்படாதீர்கள். மகள் போய் இரண்டு வருடமாகியும் இறப்புச் சான்றிதழ் வாங்க நீங்களும் போகவில்லை, நானும் போகவில்லை. கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. இருந்திருந்தால் இந்த வருடம் ஒன்றாம் வகுப்புதானே.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவள். அது வெறும் பெயர்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து, "உங்க பொண்ணு தங்கம்க்கா. பேரைக் கூப்பிட்டதும் உள்ளேன்னு சொல்றா. ஆனா தலையை நிமிர்த்தவே மாட்டேங்கிறா" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைசி பெஞ்சு காலி. தொட்டேன், யாரோ இப்போதுதான் எழுந்து போனது போலப் பலகை சூடாக இருந்தது.

பிறகு உயரம் அளக்க நர்ஸ் வந்தார். அவர் கொடுத்த தாளில் முப்பதாவது வரி, தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். மருத்துவமனையில் கடைசியாக எழுதியதும் அதேதான். அரையாண்டில் மறுபடி அளந்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்திருந்தார்கள், அவள் வரி அப்படியே இருந்தது. பயந்தேன் என்று நினைக்கிறீர்களா? சந்தோஷப்பட்டேன். தினமும் சீக்கிரம் போய் அந்த பெஞ்சைத் துடைக்கிறேன்.

முப்பது காட்டியும் பயனில்லை, புது உத்தரவு ஐம்பது கேட்கிறது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூடுகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் இருபத்தொன்பது கொடுத்தாகிவிட்டது. அவளுடையதையும் எழுதிவிட்டேன். சேரப்போகும் பள்ளி என்ற இடத்தில் என்ன எழுதுவது? பெற்றோர் கையெழுத்து இடத்தில் பேனாவை வைத்தால் கை நகர மறுக்கிறது.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்கென்று கிளம்பிப் போனீர்கள். நான் குறை சொல்லவில்லை. அந்த வெள்ளிக்குள் வந்து நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். அப்பா சொன்னால் போய்விடுவாள், உங்கள் சொல்லைத் தட்டாத பிள்ளை. பள்ளிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் வராவிட்டால், அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டுவேனா உள்ளிருந்து பூட்டுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
அவள் அம்மா