கிணற்றடிக்குப் போன உங்கள் பேரன்

என் அன்பு ஐயாவுக்கு,

நீங்கள் போனபின் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. எட்டாம் நாள் சடங்கு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் எல்லாம் முடிந்துவிட்டன. ஒவ்வொன்றின் பிறகும் எழுத நினைத்தேன். ஒரு நல்ல செய்தியாவது கையில் வரட்டும், பிறகு ஐயாவோடு கதைக்கலாம் என்று காத்திருந்தேன் போலும். இப்போது வந்திருப்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கே விளங்கவில்லை. உங்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

கணேசுவுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. பெற்ற தாய் நான் கூப்பிட்டாலும் இன்னமும் திரும்பிப் பார்க்கமாட்டான், தானாக ஒரு சொல்லும் பேசமாட்டான். பூவரசங்காய்களை வேலியோரம் வரிசையாக அடுக்குவான். கோழி வந்து ஒன்றைத் தட்டிவிட்டால் அன்று முழுவதும் அழுகை. கோயிலில் மேளம் தொடங்கினால் தலையை நிலத்தில் மோதுகிறான். அதனால் இந்த வருடம் கொடியேற்றத்துக்கு நாங்கள் போகவில்லை.

பருத்தித்துறைக்கு ஒரு நல்ல டாக்குத்தர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோய்க் காட்டினோம். காதில் பழுதில்லை, நாக்கிலும் பழுதில்லை என்றார். அப்படியானால் எதில் பழுது என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இதுக்கு ஒரு பேர் எனக்குத் தெரியாது, தங்கச்சி" என்றார். நோய்க்குப் பேர் இருந்தால் அந்தப் பேருக்குப் பயப்படலாம். பேரில்லாததற்கு எவ்வளவு பயப்படுவது என்று அளவு தெரியவில்லை, ஐயா. கல்லூரியில் பிள்ளை வளர்ப்பு என்று ஒரு பாடம் படித்தேனே. அந்தப் புத்தகத்தை நீங்கள்கூடப் புரட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள். அதன் எந்தப் பக்கத்திலும் இவன் இல்லை.

"பொங்கலுக்குப் பொங்கல் பார், பிள்ளை. நாளுக்கு நாள் பாராதை" என்று சொல்வீர்கள். "போன பொங்கலுக்கு நான் சோறு தீத்திவிட்டனான். இந்தப் பொங்கலுக்குத் தானே அள்ளித் தின்னுறான். உனக்குக் காணாதே?"

நீங்கள் சொன்னால் காணும், மனம் போதுமென்று ஆறும். அதையே நான் எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன், காணவில்லை. இந்த வேகத்தில் போனால் இவன் தனியாக ஒரு நாளைக் கழிக்க எத்தனை பொங்கல் வேண்டும்? அத்தனை பொங்கல் எனக்குக் கிடைக்குமா? உங்களுக்கே கிடைக்கவில்லையே. நீங்கள் இருக்கும்வரை இவன் பின்னால் இரண்டு சோடிக் கண்கள் இருந்தன. இப்போது ஒன்று. அதுவும் மூடினால்?

இன்னொன்று சொல்லவேண்டும். சொன்னால் சிரிப்பீர்களோ, அழுவீர்களோ தெரியாது. இவன் உங்கள் குரலில் பேசுகிறான். காலையில் தோட்டத்துக்குப் புறப்படும்போது வேலிப் படலையில் நின்று "போட்டு வாறன், பிள்ளை" என்பீர்களே, அதே இழுவையோடு, கடைசியில் அந்தச் சின்னச் செருமலையும் சேர்த்து. உங்கள் அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள் படலைப் பக்கமிருந்து அது வந்தது. கையிலிருந்த செம்பை விட்டுவிட்டேன். வீட்டோடு இருக்கும் என் மாமியார் திருநீற்றைக் கொண்டு ஓடிவந்தார். பிறகு பழகிப்போயிற்று. காலையிலும் சொல்வான், சாப்பிடும்போதும் சொல்வான், எங்கும் போகாமலே சொல்வான். கிளி சொல்வது போலத்தான் என்று இருந்துவிட்டோம்.

உங்கள் மருமகன் மலாயாவிலிருந்து லீவில் வந்திருந்தார். நான் இனித் தன்னோடு வந்துவிடவேண்டும் என்றார். அவர் இருப்பது ஸ்டேசனுக்குப் பக்கத்துக் குவாட்டஸ். முற்றம் முடிகிற இடத்தில் ரயில் பாதை. கணேசுவை அங்கே கொண்டுபோக முடியாது என்று நானே சொல்வேன். அப்படியானால் இவன்?

"என்ரை அண்ணை வீட்டிலை விடுவம்" என்றார் அவர். "வட்டுக்கோட்டையிலை பெரிய வீடு வளவு. அவைக்கு ஆக்கள் இருக்கினம். நீர் கொஞ்சம் யோசியும். எத்தினை வருசம் நான் கடைச் சோறு தின்னுறது?"

அவர் கெட்டவர் இல்லை, ஐயா. தனியே கடைச் சோறு சாப்பிட்டு மெலிந்துபோய்த்தான் வந்திருந்தார். ஆனால் வட்டுக்கோட்டை என்றதும் எனக்கு வேறொன்று கண்ணில் வந்து நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம். கை கழுவப் பின்பக்கம் போனேன். மாட்டுக்கொட்டிலின் தூணடியில், காலில் கட்டிய கயிற்றோடு, நரைத்த தலையோடு ஒருவர் இருந்தார். கையில் ஒரு தென்னோலைத் துண்டு. அதை விரல்களுக்கிடையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணேசு சுழற்றுவானே, அதே மாதிரி. நான் பக்கத்தில் போனதையும் அவர் காணவில்லை.

திரும்பி வரும்போது வண்டிலில் மாமியிடம் கேட்டேன். "அவரோ? தாய் இருக்குமட்டும் நல்லாத்தான் இருந்தவர்" என்றார் மாமி, வெற்றிலையை மடித்துக்கொண்டு.

அந்த ஒரு வாக்கியத்தை நான் உங்களிடம்கூடச் சொல்லவில்லை. அதை விழுங்கிவிட்டுத்தான் இத்தனை நாளும் இருந்தேன். என் பயம் முழுவதும் அதுதான், ஐயா. இவன் பேசாததுகூட இல்லை.

இனிப் போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

இவன் பிறந்த முப்பத்தோராம் நாளுக்கு நீங்கள் போட்ட வெள்ளிச் சதங்கைக் காப்பு நினைவிருக்கும். வெள்ளிக் காப்புச் சிறுத்துப்போன பிறகு மணிகளைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவன் காலிலேயே கட்டியிருக்கிறேன். ஏழு வயதுப் பெடியனுக்குச் சதங்கையா என்று ஒழுங்கையால் போகிறவர்கள் சிரிக்கிறார்கள். "என்ன, டான்ஸ் பழக்கப்போறியளோ?" என்று கேட்டவர்களும் உண்டு. கேட்கட்டும். அடுப்படியில் நிற்கும்போது அந்தச் சத்தம்தான் எனக்குக் கண். மணி கேட்டால் பிள்ளை வளவுக்குள் இருக்கிறான்.

அன்று காலை புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மருமகன் மருதனார்மடத்துச் சந்தைக்குப் போயிருந்தார். மாமி கோப்பியோடு திண்ணைக் குந்தில் இருந்தார். படலைப் பக்கமிருந்து "போட்டு வாறன், பிள்ளை" என்று வந்தது.

"ஓம் ராசா, போட்டு வா" என்றார் மாமி. "வரேக்கை எனக்கு நாலு வெத்திலை வாங்கிக்கொண்டு வா."

நானும் சிரித்தேன். ஆட்டுக்கொட்டில் பக்கம் சதங்கை கிணுகிணுவென்று கேட்டுக்கொண்டிருந்தது. புட்டை அவித்து இறக்கினேன், கேட்டுக்கொண்டிருந்தது. சம்பலும் அரைத்து முடித்தேன், அப்போதும் கேட்டது. சாப்பிடக் கூட்டிவரலாம் என்று போனேன். கொட்டிலில் ஆடு குழை தின்றுகொண்டு நின்றது. அதன் முன்காலில் கறுப்புக் கயிறு. அது காலை உதறும்போதெல்லாம் மணி கேட்டது.

படலை திறந்து கிடந்தது.

வளவுக் கிணற்றைத்தான் முதலில் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் என் முகம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை, ஆனால் அடியில் என்ன கிடக்கிறது என்று யார் கண்டது? ஒழுங்கையில் ஓடினேன். ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு. அத்தனை கிணறுகளையும் வெட்டிய மனிதர்களை அன்று நான் மனதாரச் சபித்தேன். தோட்டப் பக்கம் திரும்பியபோது கிணற்றுத் துலாவின் கிரீச்சுச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. இறைப்பு நடுவில் துலா ஏன் நிற்கும், ஐயா? கிணற்றடிக்கு ஓடினேன்.

தோட்டக் கிணற்றுக்குச் சுற்றுக் கட்டு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். விளிம்பைச் சுற்றிச் செம்மண் சேறு. அந்தச் சேற்றில் சின்னக் காலடிகள். விளிம்போடு ஒட்டி, ஓரிடத்தில் பாதிக் கால் மட்டும் மண்ணில், மீதிக் கால் வெறும் காற்றில். எட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. நம் தோட்டத்தைச் செய்கிற செல்லையா அண்ணையின் முகத்தைப் பார்த்தேன்.

"பிள்ளை, ஏன் உப்பிடிப் பாக்கிறாய்? அங்கை பார், இருக்கிறார் துரை" என்றார் அவர்.

மிளகாய்ப் பாத்திக்குள், இடுப்பளவு சேற்றோடு, கணேசு சம்மணம் போட்டு இருந்தான்.

"எங்களை இறைக்க விடுறானில்லை" என்று செல்லையா அண்ணை தொடங்கினார். "துலாவிலை நிண்டவன் கண்டிட்டுக் கத்தினவன். காதிலை விழுத்தினால்தானே. நேரை வந்து வாய்க்காலடியிலை நிண்டான். பாத்தி நிறைஞ்ச உடனை காலாலை மண்ணைத் தள்ளி அடைச்சு, மற்றப் பாத்தியைத் திறந்துவிட்டான் பார், அப்பிடியே ஐயா தண்ணி மாறின மாதிரி. நான் திகைச்சுப் போனன். சரி, ஆள் வேலைக்கு வந்திட்டான் எண்டு பாத்தால், மற்றப் பாத்திக்குள்ளை ஏறி இருந்து குளிக்கிறான். என்ரை மிளகாய்க் கண்டெல்லாம் போச்சு. எழும்படா எண்டால் எனக்குப் போட்டு வாறன் எண்டுறான்."

துலாவில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்படியே அழுகையாகிவிட்டது. அவனைத் தூக்க நான் குனிந்தபோது என்னைப் பார்க்கவில்லை. வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு நின்றார். "இனி இவனைக் கட்டித்தான் வைக்கவேணும், மோனை. பாவம் பாத்தால் ஒரு நாளைக்குக் கிணத்திலை இருந்துதான் தூக்குவம்." அவர் மனம் நொந்துதான் சொன்னார். இவன்மேல் அவருக்கு உயிர். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு நான் கோபிக்கவும் முடியவில்லை.

உங்கள் மருமகன் சந்தையால் வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, நேரே தோட்டத்துக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். உடுத்திருந்த சாரத்தில் முழங்கால் வரை சேறு.

"அந்தக் காலடியைப் பாத்தனீரே?" என்றார்.

"பாத்தனான்."

"அண்ணை வீட்டிலையும் கிணத்துக்குக் கட்டில்லை."

"ஓம்."

"அங்கை ஆர் இவன்ரை பின்னாலை ஓடுறது?"

நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வார்த்தேன். அவர் கையைக் கழுவினார், திரும்பவும் கழுவினார். பிறகு, "கப்பலுக்கு நான் தனியப் போறன். நீர் இவனோடை நில்லும்" என்றார்.

இதைத்தானே நான் வேண்டினேன். ஆனாலும் சந்தோஷப்பட முடியவில்லை, ஐயா. அன்றிலிருந்து ஒரே யோசனை. ஒரு பொத்தானைப் பூட்டத் தெரியாதவன், நான் இறுக்கிப் போட்ட முடிச்சை அவிழ்த்திருக்கிறான். அவிழ்த்ததை ஆட்டின் காலில் கட்டியுமிருக்கிறான். எங்கும் போகாமலே சொல்லித் திரிந்த சொல்லை, அன்று போகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நீங்கள் தண்ணீர் மாறிய கால்களைப் பார்த்துப் பார்த்து மனதில் வைத்திருந்திருக்கிறான். நீங்கள் இருந்தபோது இதில் ஒன்றாவது நடந்திருந்தால் நீங்கள் ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள்.

ஆனால் அவன் படித்ததுதானே அவனைக் கிணற்றடிக்குக் கொண்டுபோயிற்று? முடிச்சு அவிழ்க்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் வளவுக்குள் இருந்திருப்பான். இவன் முன்னேறாவிட்டால் என் காலத்துக்குப் பிறகு என்ன என்று பயம். முன்னேறினால் நாளைக் காலை என்ன என்று பயம். இந்த இரண்டாவது பயத்தை நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லையே. உங்களுக்கும் இருந்ததா? இருந்தும் என்னிடம் மறைத்தீர்களா? இவனோடு தோட்டத்தில் நின்ற நேரமெல்லாம் உங்கள் ஒரு கண் கிணற்றில்தான் இருந்ததோ?

ஊரிலுள்ள கிணறுகளை என்னால் தூர்க்க முடியாது. இவன் கால்களையும் நிறுத்த முடியாது. மிஞ்சியிருப்பது ஒன்றுதான்.

ஆடி அமாவாசைக்கு உங்கள் மகன், என் அண்ணை, உங்களுக்குப் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குப் போகிறார். நாங்களும் போகிறோம். அவர் கடலடியில் இருக்கட்டும். நான் கணேசுவைக் கூட்டிக்கொண்டு பெண்கள் குளிக்கும் கேணிக்குப் போவேன். உங்கள் மருமகன் கப்பலேறுவதற்கு முன் வளவுத் தொட்டியில் அவனை இரண்டு முறை இறக்கிப் பார்த்தார். முதல் நாள் அவர் தோளைக் கடித்துவிட்டான். இரண்டாம் நாள் கடிக்கவில்லை. கேணியில் என்ன செய்வானோ தெரியாது. கத்துவான். அமாவாசைக்கு வந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்கும். படித்த பெண், பிள்ளையை அடக்கத் தெரியவில்லை என்று சொல்லும்.

எனக்கும் நீந்தத் தெரியாது, ஐயா. உங்களுக்கே தெரியும், கேணிப் படியில் முழங்காலுக்குமேல் நான் இறங்கியதே இல்லை. இந்த முறை இறங்குவேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கால் நிலத்தில் முட்டாத இடம்வரைக்கும் போவேன். அமாவாசைக்குப் பிறகும் கிழமைக்கொரு தடவை வண்டில் பிடித்துப் போவேன். அவன் மிதக்கும்வரை போவேன். அதற்கு எத்தனை வருடம் சென்றாலும் போவேன். பயம் விட்டுப்போகும் என்று உங்களுக்கு வாக்குத் தர முடியாது. பயத்தோடேயே தண்ணீருக்குள் இறங்குவேன். அந்த வாக்கை மட்டும் தருகிறேன்.

தண்ணீரில் பழகிக்கொண்டிருக்கும்,
உங்கள் மகள், கணேசுவின் தாய்