ஒத்தாவியா கொண்டுவந்த கூடை

செர்ராலுங்கா,
ஏப்ரல் 9

நாத்தனார் ஒத்தாவியாவுக்கு அண்ணி செக்கொந்தினா எழுதிக்கொண்டது.

நான் நலம். எண்பத்து மூன்று வயதில் பதினொரு பல் மிச்சம் இருக்கிறது. அல்பெங்காவின் கடல் காற்று உன் முழங்காலுக்கு ஒத்துப்போகிறது என்று உன் மகன் கொர்ராதோ சொன்னான். சந்தோஷம். நீ இன்னும் கொஞ்ச நாள் நடமாட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று அவன் வீட்டில் விருந்து. பரோலோ ஒயின் வாங்க ஜெர்மானிய வியாபாரி ஒருவர் வந்திருந்தார். அவரும் கைவிட்டால் அத்தனையும் பீப்பாயிலேயே கிடக்குமாம். "அத்தை, மாட்டிறைச்சிய ஒயின்ல வேகவைக்க உங்கள விட்டா இந்த மலையில யாரு இருக்கா? நீங்கதான் வந்து காப்பாத்தணும்" என்று வந்து நின்றான். போனேன்.

இறைச்சி செய்தேன். ஆனால் முதல் தட்டாக ஆர்டிசோக் வைத்தேன். உங்கள் ஊர் முள்மொட்டுதான். பச்சையாக மெல்லியதாகச் சீவி, எலுமிச்சையும் எண்ணெயும் விட்டு வைத்தேன். "அட, எங்க ஊரு சாப்பாடு!" என்று குதித்தான் கொர்ராதோ. கடலோரம் வளர்ந்த பிள்ளை, இந்தத் திராட்சைத் தோட்டத்துக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அவனுக்கு என்ன தெரியும்?

வியாபாரி ரசித்துத் தின்றார். ஒயினை ஒரு வாய் குடித்தார். "என்னங்க இது, இரும்ப நக்கின மாதிரி இருக்கு" என்றார். இறைச்சி வருவதற்குள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். கொர்ராதோவின் முகத்தைப் பார்த்தேன். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் என் புருஷன் செலெஸ்தீனோவின் முகம் அப்படித்தான் இருந்தது.

அன்று எங்கள் ஒயினை வாங்க மிலான் வியாபாரி வந்திருந்தார். நீ கூடையோடு வந்தாய். "அண்ணி, நீங்க உக்காருங்க, இன்னிக்கு அடுப்பு என்னோடது" என்றாய். நான் நெல் வயல் பக்கத்துப் பெண், எனக்குத் தெரியாது. உன் அண்ணன் நிலவறையிலிருந்து புட்டியோடு ஏறி வருவதற்குள் தட்டுகள் காலி. வியாபாரி வாங்காமலே போனார். அடுத்த அறுவடைக்குள் எங்கள் திராட்சைச் சரிவு கடனில் உன் புருஷன் கைக்குப் போனது. நீயும் தெரியாமல் செய்தாய் என்றே நினைத்திருந்தேன். ஆர்டிசோக் தின்ற நாக்குக்கு எந்த நல்ல ஒயினும் இரும்பாக இருக்கும், ஒயின் வாங்க ஆள் வரும் நாளில் அது வாசலைத் தாண்டினால் உங்கள் அப்பா கூடையோடு தூக்கி எறிவார் என்று செலெஸ்தீனோ சாகக் கிடந்தபோதுதான் சொன்னார். தங்கையைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

புட்டிதான் கெட்டுப்போயிருக்கும், இன்னொரு தடவை வாருங்கள் என்று ஜெர்மானியரிடம் நானே கெஞ்சினேன். இருபத்தைந்தாம் தேதி, புனித மாற்கு நாளன்று வருகிறார். சமையல் அன்றும் நான்தான்.

அதற்குள் நீ வா. கொர்ராதோவும் என் பேத்தி நீவெஸும் உட்கார்ந்திருக்க, அன்று கூடையில் என்ன இருந்தது, எதற்காக இருந்தது என்று உன் வாயால் சொல். பிறகு வெறும் இறைச்சியும் பழைய பாலாடைக்கட்டியும் வைக்கிறேன். அந்த ஒயின் எப்படி இறங்குகிறது பார்.

நீ வராவிட்டால் அன்றும் முதல் தட்டு ஆர்டிசோக்தான். வராமல் கொர்ராதோவுக்கு ஃபோன் போட்டு, ஆர்டிசோக்கை எடுக்கச் சொல்லலாம்தான். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்பான். பதில் யோசித்து வைத்துக்கொள்.

மாதா உன் முழங்காலுக்குப் பலம் கொடுக்கட்டும். என் வீட்டு வாசலில் மூன்று படி இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அண்ணி
செக்கொந்தினா